ஊல்லாவின் மணி

முதல் பாட்டில் மணி வரவில்லை. வராவிட்டால் போகட்டும், முதல் பாட்டுதானே, எடுத்த எடுப்பிலேயே எல்லாச் சரக்கையும் கடை விரித்துவிடுவார்களா என்று சென்னியப்பன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கோயமுத்தூர் இராமநாதபுரத்தில், ரேமண்டண்ணன் வீட்டு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் பிரியாணிக் கடைக் கூட்டத்தின் சத்தம் உள்ளே வராதபடி அண்ணன் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டிருந்தார். மூலைக்கொன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், எதிரே நான்கு பேர், மேஜைமேல் அணைத்துக் குப்புறக் கவிழ்த்த நான்கு கைபேசிகள். விண்டர்ஹாமின் புது ஆல்பம் வந்தால் இதுதான் முறை. விண்டர்ஹாம் ஸ்வீடன் தேசத்து பாப்-ராக் குழு. பாட ஆரம்பித்து நாற்பது வருஷம் ஆகிறது. கோயமுத்தூரில் அதற்கு இருக்கிற ரசிகர்களை ஓர் அறையில் அடைத்துவிடலாம், இப்போது அடைத்தும் இருந்தது. யாரும் முன்கூட்டித் தனியாகக் கேட்கக் கூடாது. கடைசிப் பாட்டு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொருவராகப் பேசவேண்டும். பேச்சில் பிழை இருந்தால், பிழை சொன்னவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். யூசுப் பாய் காந்திபுரத்தில் கேசட் கடை வைத்திருந்த காலத்தில் போட்ட சட்டம் அது. கடை போய்விட்டது, சட்டம் போகவில்லை. மணியும் அந்தக் காலத்திலிருந்தே இருப்பதுதான். ஸ்டெல்லன் கரகரவென்று பாடிக்கொண்டே போவான்; எங்காவது எதிர்பாராத ஓர் இடத்தில் ஊல்லா, அவன் அக்கா, ஒரு சின்ன மணியை ஒரே ஒரு தரம் தட்டுவாள். எல்லா ஆல்பத்திலும் தட்டியிருக்கிறாள். இரண்டாம் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வரும். வராமல் எங்கே போகும்.

கிதார் நன்றாகக் கேட்டது. டிரம்ஸ் வயிற்றுக்குள்ளேயே கேட்டது. ஸ்டெல்லனின் குரல் கேட்டது, ஆனால் ஏதோ போர்வைக்குள்ளிருந்து பாடுகிற குரலாக, சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்துபோய்க் கேட்டது. அவனுக்கும் வயசாகிறதல்லவா, பல் கட்டியிருப்பானோ என்னவோ. அவர் காதைப் பரிசோதித்த அந்த டாக்டரம்மா சின்னப் பெண், தன் மகள் வயசுதான் இருக்கும், கண்ணாடிப் பெட்டி மாதிரி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றாள். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தார். அவள் திருகிக்கொண்டேதான் இருந்தாள். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகும், போயிருக்கிறது, இடது காதில் அதிகம், வலது காதும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்றாள். காதில் மெஷின் வைத்தால் பேச்சு புரியும், பாட்டு பழையபடி இருக்குமென்று சொல்லமுடியாது என்றாள். அவர் விடவில்லை. "அதெப்படீங் டாக்டர்? நேத்து ராத்திரிகூட அவங்க பழைய பாட்டுக் கேட்டனுங். மணிச் சத்தம் கணீர்னு கேக்குதுங்." அவள் சிரிக்கவில்லை. "அது காது கேக்கலீங்க, மனசு கேக்குது. தெரிஞ்ச பாட்டுன்னா, விட்டுப்போனதை மூளையே நிரப்பிக்கும். தெரியாத பாட்டா ஒண்ணு கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்." தெரியாத பாட்டுக்கு அவர் எங்கே போவார்? வேறு யார் பாட்டும் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வருகிற இந்த 'ஹெம்மா'வுக்காகக் காத்துக்கிடந்தார். ஹெம்மா என்றால் அவர்கள் பாஷையில் 'வீட்டில்' என்று அர்த்தமாம். "ஞாயித்துக்கிழமை ஹெம்மா வருது, மத்தியானம் சாப்பாட்டுக்கு இருக்கமாட்டேன்" என்று வீட்டில் சொன்னதற்கு, சுலோச்சனா கரண்டியும் கையுமாக வந்து நின்று, "யாருங்க அந்த ஹேமா?" என்றாள். அவளிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மணி கேட்டுவிட்டால் டாக்டர் சொன்னது பொய். கேட்காவிட்டால். கேட்காவிட்டால் என்ற இடத்தில் நினைப்பு கல் தடுக்கி நிற்கும். அதற்கு மேல் அவர் போனதில்லை.

இரண்டாம் பாட்டில் ஓர் இடத்தில் யூசுப் பாய் முகத்தைச் சுளித்தார். சென்னியப்பன் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம். பாய்க்கு அந்த மணியைக் கண்டால் ஆகாது. குல்ஃபி வண்டிக்காரன் பாட்டுக்குள்ளே புகுந்துவிட்டான் என்பார், ஊல்லாவைப் பிடித்து ஒரு வண்டியில் ஏற்றிவிட்டால் உக்கடம் பக்கம் நல்ல யாவாரம் ஆகும் என்பார். இந்த மணி வேண்டுமா வேண்டாமா என்று இவர்கள் இருவரும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். மணி வருகிற இடத்தில் பாயின் மூக்கு ஒருபக்கமாகச் சுருங்கும். இப்போது சுருங்கியதே, அதுவா அது? இருக்காது. பாய்க்குச் சர்க்கரை, உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், அந்தச் சுளிப்பாக இருக்கும். அவர் மூக்கு எத்தனையோ காரணத்துக்குச் சுருங்கும், வெயிலுக்குக்கூடச் சுருங்கும். பாயையே பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டை எப்படிக் கேட்பது என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடினதும் அவர் வேலை பார்த்த மில் வந்து நின்றது. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் வரிசை, பஞ்சுத் தூசி, பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காத இரைச்சல். ஷிப்ட் சூப்பர்வைசர் சென்னியப்பன் நடந்துகொண்டிருக்கிறார், காதில் இயர்போன். மில்லில் எல்லோருக்கும் மஞ்சள் ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுத்தார்கள், காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி. அதை அவர் மேஜை டிராயரில் போட்டுவிட்டார். இத்தனை இரைச்சலில் சும்மா காதை அடைத்துக்கொண்டு எவன் நிற்பான் என்று விண்டர்ஹாமை வைத்துக்கொண்டார். மெஷின் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்கவேண்டுமே; ஏற்றினார், இன்னும் ஏற்றினார். அதிலும் மணி கேட்கவேண்டுமே என்று கடைசிப் புள்ளிவரைக்கும் ஏற்றினார். இருபது வருஷத்துக்கு மேல். காதை மில் பாதி தின்றது, மீதியை ஊல்லா தின்றாள். இல்லை, ஊல்லா என்ன செய்வாள் பாவம், அங்கே பனியில் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். தேரை இழுத்துத் தெருவில் விட்டது இவர்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் காதுக்குள் 'ங்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அது பாட்டின் மிச்சம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். மடப்பயல். சந்தோஷப்பட்டிருக்கிறார்.

மூன்றாவதும் போயிற்று, நான்காவதும் போயிற்று. நான்காவது நல்ல பாட்டு, மெதுவான பாட்டு, மணி வருவதற்கென்றே இடம் விட்டுவைத்த மாதிரி நடுவில் எல்லாம் அடங்கிப்போய் ஒரு சின்ன மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள் சென்னியப்பன் முழுசாக இறங்கிப் பார்த்தார். 'ங்' மட்டும்தான் இருந்தது. கண்ணைத் திறந்தார். மாதங்கி, கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், இவர்களுக்குள் மகா கறாரான நீதிபதி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த அவள் சுட்டுவிரல் மட்டும் ஒரு முறை மேலே எழும்பித் தணிந்தது. விரல் ஏன் எழும்பவேண்டும்? தாளத்துக்கு. தாளமே இல்லையே அந்த இடத்தில். ஈ உட்கார்ந்திருக்கும். ரேமண்டண்ணன் வீட்டில் ஈக்குப் பஞ்சமா. ஈதான். உள்ளங்கை வேர்த்துப்போய் நாற்காலிப் பிரம்பில் ஒட்டியது. குக்கர் விசில் கேட்கவில்லை என்று சுலோச்சனா கத்தினது ஞாபகம் வந்தது. பருப்பு தீய்ந்து வீடெல்லாம் நாற்றம், பேப்பரைப் படித்துக்கொண்டு அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினால் குரல் மட்டும் வருகிறது, சொல் வருவதில்லை. "ஆமா கண்ணு, ஆமா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போனவாரம் அப்படித்தான் ஆமா கண்ணு என்றார். அந்தப் பக்கம் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம் சுலோச்சனா போனைப் பிடுங்கிக்கொண்டு, "புள்ளை ஒடம்பு முடியலேங்குது, நீங்க ஆமாங்கிறீங்க" என்றாள். பயமாக இருக்கிறது. மனுஷனுக்குச் சாவுகூடப் பயமில்லை, அது ஒரே நாளில் முடிந்துவிடும். எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து ஆமா ஆமா என்று தலையாட்டிக்கொண்டு இருபது வருஷம் இருப்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இத்தனை நேரம் ஏன் வரவில்லை என்று அவருக்கே ஆச்சரியம். மணியே இல்லாமல் இருந்தால்? ஊல்லாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கை நடுங்கும், மூட்டு வீங்கியிருக்கும், குளிர்ப் பிரதேசத்தில் மூட்டுவலி சொல்லவே வேண்டாம். தட்டமாட்டேன் போ, இந்தத் தடவை நீயே பாடிக்கொள் என்று தம்பியிடம் சொல்லியிருப்பாள். அவனும் சரி அக்கா என்று விட்டிருப்பான். ஏன் கூடாது? நாற்பது வருஷம் தட்டிவிட்டாள், போதாதா? இல்லாத மணியை எந்தக் காதாலும் கேட்கமுடியாது, டாக்டரம்மா காதாலும் கேட்கமுடியாது. மூச்சு ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஐந்தாம் பாட்டு, ஆறாம் பாட்டு, எங்கும் மணி இல்லை. இப்போது இல்லை என்பதே தெம்பாக இருந்தது. ஒரு பாட்டில் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம், எல்லாவற்றிலும் இல்லை என்றால் நிஜமாகவே இல்லை என்றுதானே அர்த்தம். பாய் இன்னொரு முறை மூக்கைச் சுருக்கினார், சுருக்கட்டும். ஊல்லாவை நினைத்துத் துக்கமாகக்கூட இருந்தது. தன் கஷ்டத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளுக்காகத் துக்கப்படுவது சுகமாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது. கடைசிப் பாட்டு முடிந்தபோது அவருக்கு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. ஏறக்குறைய. மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, அதற்குத்தானே இவர்கள் இருக்கிறார்கள். பிழையாக ஒரு வார்த்தை சொன்னால் கழுத்தைப் பிடித்துவிடுவார்கள். ரேமண்டண்ணனின் மனைவி இறந்து, அவளை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது, அண்ணன் அழுதுகொண்டே, "மூணாவது ஆல்பத்துல அந்தக் கல்லறைப் பாட்டு இருக்கே, அது அவளுக்குப் புடிக்கும்" என்றார். பக்கத்தில் நின்று தோளைத் தடவிக்கொண்டிருந்த யூசுப் பாய், தடவின கையை எடுக்காமலே, "நாலாவதுண்ணே" என்றார். சாவு வீட்டிலேயே விடாதவர்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து அண்ணன் பஜ்ஜியும் வாங்கித் தந்தார்.

ரேமண்டண்ணன் முதலில் பேசினார். குரல் தளர்ந்திருக்கிறது, ஆனால் பொய் இல்லை, முன்னெல்லாம் தம் கட்டிப் பாடினதை இப்போது பேசுகிற மாதிரிப் பாடுகிறான் என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சென்னியப்பனுக்கு எல்லாம் புரிந்தது. மாதங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; சென்னியப்பன் முறை தப்பி, கையைத் தூக்கிவிட்டார். "நான் சொல்லிப்போடறனுங்க. பாட்டெல்லாம் அருமை. ஆனா எனக்கு மனசே ஆறலீங்க. ஊல்லாவோட மணி ஒரு பாட்டுலகூட இல்லீங்களே. அந்தம்மாளுக்குக் கை முடியலையாட்ட இருக்குது. நாப்பது வருசமா இருந்தது, இல்லாமப் போனா எப்படியோ இருக்குதுங்க. நாலாம் பாட்டுல அதுக்குன்னே எடத்தைக் காலியா உட்டு வெச்சிருக்கான் தம்பிக்காரன், பாத்தீங்களா? அக்கா இல்லாத எடம் அது. பாய், உங்களுக்கு இன்னிக்குக் கொண்டாட்டந்தான். உங்க குல்ஃபி வண்டி நின்னுபோச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாயின் வாயைப் பார்த்தார்.

வாய் அசையவில்லை. மாதங்கி ரேமண்டண்ணனைப் பார்த்தாள். அண்ணன் திரைச்சீலையைப் பார்த்தார். யூசுப் பாய் வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்ப்பதை நிறுத்தினார், சென்னியப்பனை, ரொம்ப நாள் கழித்து ரயிலடியில் பார்க்கிறவர் மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "ஆமா சென்னி," என்றார். "மணியே இல்ல. நானும் அதைத்தான் நெனச்சேன்." மாதங்கியும், "ஆமாம் சென்னியப்பன் சார். இந்தத் தடவை இல்லைதான்" என்றாள், சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. பெரிய சுமை இறங்கினது. இல்லை! நிஜமாகவே இல்லை! சுலோச்சனாவுக்கு இன்று போகும்போது அல்வா வாங்கிப்போக வேண்டும், மகளுக்குப் போன் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும், அந்த டாக்டரம்மாவிடம் போய், என்னம்மா படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அல்வாக் கடைவரைக்கும் நினைப்பு ஓடிப்போய், அங்கே நின்றது. திரும்பிப் பார்த்தது. பாய் ஆமா என்றாரா? யூசுப் பாய், மணி விஷயத்தில், சென்னியப்பனைப் பார்த்து ஆமா என்றாரா? சொல்லிவிட்டு ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லையே. இருபத்தைந்து வருஷமாக ஒழியவேண்டும் என்று வேண்டிக்கொண்ட மணி ஒழிந்துபோனதென்றால், மனுஷன் எழுந்து ஆடியிருக்க வேண்டாமா? மாதங்கி ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசினாள்? ரேமண்டண்ணன் ஏன் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்? தான் முறை தப்பிப் பேசினதற்கு ஏன் யாரும் சண்டைக்கு வரவில்லை?

யூசுப் பாய் எழுந்துகொண்டார். "நான் போயி பஜ்ஜி வாங்கிட்டு வந்துர்றேன்." யார் பிழை சொன்னார்கள், எதற்குப் பஜ்ஜி என்று ஒருவரும் கேட்கவில்லை. "உக்காருங்க பாய்," என்றார் சென்னியப்பன். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "பஜ்ஜி எங்க போகுது. ரெண்டாந்தரம் கேக்கோணுமல்ல." இரண்டாம் தரம் கேட்பதும் முறைதான். மாதங்கி, "இன்னிக்குப் போதுமே, அண்ணன் களைச்சுப்போயிட்டார்" என்று அவசரமாகச் சொன்னாள். சென்னியப்பன் ரேமண்டண்ணனைப் பார்த்து, "அந்த நாலாம் பாட்டு மட்டும் போடுங்ணா" என்றார். அண்ணனால் அதை மறுக்கமுடியவில்லை. பாய் திரும்ப உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது, கிதார் வந்தது, போர்வைக்குள்ளிருந்து ஸ்டெல்லன் வந்தான். இந்தத் தடவை சென்னியப்பன் கண்ணை மூடவில்லை, பாட்டையும் கேட்கவில்லை; அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதங்கி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் போட்டுக் கோத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். ரேமண்டண்ணன் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார். யூசுப் பாய் தன் முகத்தைக் கல்லாக்கி வைத்திருந்தார். மூக்கு அசையவில்லை, புருவம் அசையவில்லை. மூன்று பேரும் இப்படி மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து சென்னியப்பன் பார்த்ததே இல்லை. அழவேண்டும் போலிருந்தது, இவர்கள்மேல் கோபமும் வந்தது, எழுந்து ஒவ்வொருவர் காலையும் தொடவேண்டும் போலவும் இருந்தது. எல்லாம் அடங்கி அந்தச் சின்ன மௌனம் வந்தது. அவர் காதுக்குள் 'ங்' ஓடிக்கொண்டிருந்தது. பாயின் முகம் அப்போதும் அசையவில்லை. ஆனால் ஓர் இடத்தில், திடீரென்று, பாயின் கண் இரண்டும் நிறைந்துவிட்டன. மணி அங்கேதான் அடித்திருக்கிறது என்று சென்னியப்பன் தெரிந்துகொண்டார்.